கணப்புக் கரியும் அர்கீலேவும்

கோத்தகிரியில் மார்கழிப் பனி இறங்கும் இரவுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கணப்பு மூட்டுவோம். கரி கனன்று மேலே சாம்பல் பூத்ததும், பெய்ரூட்டில் ஓர் உணவகத்தில் கணக்கெழுதிக் கழித்த நான்கு ஆண்டுகளும், மேசைக்கு மேசை ஒலித்துக்கொண்டிருந்த ‘நாரா’ என்ற குரலும் நினைவுக்கு வந்துவிடும். அரபியில் நார் என்றால் நெருப்பு. தண்ணீர் வழியே புகையிலைப் புகையை இழுக்கும் குழாயான அர்கீலேவின் கரி தணிந்துவிட்டது, வேறு கொண்டு வா என்று பணியாளைக் கூப்பிடும் குரல் அது.

எகிப்தியர் ஷீஷா என்பதை லெபனானியர் அர்கீலே என்கிறார்கள். நம்மூரில் ஹுக்கா என்றதும் பழைய ஜமீன்தார் படமோ, போலீசார் சோதனையிட்ட கடையைப் பற்றிய செய்தியோதான் மனத்தில் எழும். அங்கே அது குடும்பப் பொருள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடியும் முன்பே மேசையருகே வந்து நின்றுவிடும். கடற்கரைச் சாலையான கோர்னிஷுக்கு நாற்காலியோடு அதையும் தூக்கிக்கொண்டு வருவோர் உண்டு. தொலைபேசியில் சொன்னால் பற்றவைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். மகள் சிகரெட்டைத் தொட்டால் கண்டிக்கும் பல வீடுகளில், அவள் தாயோடு அமர்ந்து அர்கீலே இழுப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் காரணம் புகையன்று, நேரம் என்பது என் எண்ணம். இங்கே டீ குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டால் ஐந்து நிமிடம் பேசலாம் என்று பொருள். அங்கே அர்கீலே வரவழைத்தவர், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இவ்விடத்தை விட்டு எழப்போவதில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார். முதியவர்கள் ஈரப்படுத்திய தும்பாக் என்ற புகையிலையின் மேல் கரியை நேரடியாக வைப்பார்கள். இளைஞர்களுக்கோ வெல்லப்பாகு சேர்த்த முஅஸ்ஸல் புகையிலைதான் வேண்டும். அதற்கும் கரிக்கும் நடுவே துளையிட்ட அலுமினியத் தாள் இருக்கும். ‘இரட்டை ஆப்பிள்’ என்ற வகையில் ஆப்பிளைவிடச் சோம்பு மணமே தூக்கலாக இருந்தது.

குழாயைக் கைமாற்றுவதற்கும் முறை உண்டு. நான் போன புதிதில், வாய் வைக்கும் முனை எதிரே இருந்த பெரியவரை நோக்கியிருக்கும்படி குழாயை நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை. முனையைத் தம் பக்கம் மடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையேல் மேசைமேல் வைத்துவிட வேண்டும், அடுத்தவர் தாமே எடுத்துக்கொள்வார் என்று பிறகு நண்பர் சொல்லிக்கொடுத்தார். வெற்றிலைத் தட்டை இடக்கையால் நீட்டியவனைப் போல அன்று கூசிப்போனேன்.

தண்ணீர் புகையைக் குளிர்விக்குமே தவிர நஞ்சை நீக்காது. ஒரு மணி நேர அமர்வில் நூறு சிகரெட்டுக்கு ஈடான புகை உள்ளே போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்க லெபனான் 2011இல் 174ஆம் எண் சட்டத்தை இயற்றியது. உணவகங்களில் அது 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சில காலத்திலேயே தளர்ந்தும் போனது. தனிமையில் பிடிப்பதை விட்டுவிடலாம், உறவினர் சூழ்ந்த மேசையில் விடுவது கடினம்.

அர்கீலேவின் கரியில் சிகரெட் பற்றவைப்பதும் அங்கே அவமதிப்பு. நேற்று இரவு கணப்பிலிருந்து இடுக்கியால் ஒரு கங்கை எடுத்து மாமா பீடியைப் பற்றவைத்தபோது, தடுக்க என் கை பாதிவரை எழுந்துவிட்டது. குளிர்கிறதா என்று கேட்டு, கணப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.