வெறும் புள்ளிகள்

பரணை ஒழித்தபோது தலையில் விழுந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. மகள் எடுத்துப் பிரித்தாள்.

மைக்கேல் ஜாக்சன். ஆங்கிலப் பாட்டு, தமிழ் எழுத்து. காதில் விழுந்ததை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். பாதி வார்த்தைகள் எந்த மொழியிலும் கிடையாது.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு கடையில் பதிந்து வாங்கிய 60 நிமிட கேசட். பக்கத்துக்கு 30 நிமிடம். நேரம் தீர்ந்தால் பாட்டு பாதியில் நிற்கும். பதிந்து தருபவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பேட்டரி மிச்சமாகட்டும் என்று பென்சிலால் நாடாவைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி, ஒரே வரியை இருபது முறை கேட்டு எழுதியது.

1996 நவம்பரில் ஜாக்சன் மும்பையில் பாடினார். என்னிடம் காட்பாடி ஸ்டேஷன் வரை போகத்தான் காசு இருந்தது. (வீட்டில் கேட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.)

நோட்டின் கடைசிப் பாட்டு ஒரு வரியின் நடுவே அறுந்து, பிறகு வெறும் புள்ளிகள். கேசட் அங்கே முடிந்திருக்கிறது.

மகள் கைப்பேசியில் அதைத் தேடிப் போட்டாள்.

அந்த இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை.

எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

"மீதியையும் எழுதுங்கள் அப்பா" என்று பேனாவை நீட்டுகிறாள்.