அப்பா நிறுத்தின பிரஷர் மாத்திரை

எங்க அப்பா காலைல பேப்பர எடுத்தா கடைசி பக்கம் வரைக்கும் ஒரு வரி விடாம படிக்கிற ஆளு, அவரே ரெண்டு மாசமா பிரஷர் மாத்திரைய போடாம விட்டுருக்காரு, ஏன்ப்பான்னு கேட்டா "போன தடவ பாத்தப்ப 128/82, நார்மல்னு சொல்லிட்டாங்கல்ல, அப்பறம் எதுக்கு மாத்திரை"ங்கறாரு. மாத்திரை போட்டதாலதான் அந்த 128ன்னு அவருக்கு யாருமே சொல்லல. காய்ச்சல் மாத்திரை மாதிரி சரியானதும் நிறுத்திடலாம்னு நெனச்சிருக்காரு, தலைவலி தலைசுத்தல்னு எதுவும் இல்ல வேற. போன வாரம் பாத்தா 170/100. எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு. அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டு போயி மறுபடி ஆரம்பிச்சாச்சு.

அதே வீட்டுல அப்பத்தா கைநாட்டு, ஆனா ஒரு நாள் மாத்திரை தவறினது இல்ல. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு தமிழ்நாடு அரசு திட்டம் ஆரம்பிச்சாங்கல்ல, அதுல வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்ற அக்கா பட்டைய அப்பத்தா கையில குடுத்துட்டு "இது எதுக்கு, எப்ப போடுவீங்க, நீங்க சொல்லுங்க பாப்போம்"னு திருப்பி கேப்பாங்க, தப்பா சொன்னா முகம் சுளிக்காம இன்னொருக்கா சொல்லுவாங்க. அவ்வளவுதான் பண்றாங்க, ஆனா அது எவ்வளவு பெரிய விஷயம்! அப்பாவுக்கு கெடச்சது 1-0-0ன்னு (காலைல ஒண்ணு, மத்தியானம் ராத்திரி இல்லன்னு அர்த்தம்) எழுதுன சீட்டு, இங்கிலீஷ்ல பேர் போட்ட பட்டை, மெடிக்கல்ல "காலைல ஒண்ணு"ங்கற ஒரு வார்த்தை.

உப்பும் இதே கதைதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுங்கறாங்க. அப்பா "நான் கொழம்புல உப்ப கொறச்சிட்டேனே"ன்னு நெஜமாவே நம்பி சொல்றாரு, பக்கத்துலயே அப்பளமும் மாங்கா ஊறுகாயும் இருக்கு, ஞாயித்துக்கெழமையானா கருவாடு. அதெல்லாம் அவரு கணக்குல உப்பே இல்ல.

இப்ப அட்டைப்பெட்டி மேல பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி ஒட்டிட்டேன், "அம்லோடிபின் 5, பிரஷருக்கு, காலைல ஒண்ணு, நார்மல்னாலும் நிறுத்தக்கூடாது, டாக்டர் சொன்னாத்தான்". ஏன்னா கம்பெனி மாறுனா பட்டைல பெரிய எழுத்து பேரும் மாறிடும், ரெண்டும் வேற மருந்துன்னு நெனச்சு சேத்து போட்டா ஆபத்து, உள்ள இருக்கற மருந்து பேரத்தான் பாக்கணும். ஒட்டிட்டு அந்த அக்கா மாதிரியே "நீங்க சொல்லுங்கப்பா"ன்னேன். மொதல்ல கோவம் வந்துச்சு அவருக்கு, "எனக்கு படிக்கத் தெரியாதா"ன்னாரு. அப்பத்தா திண்ணைலருந்து "சொல்லுடா, நான் சொல்றேன்ல"ன்னுச்சு. அப்பறம் மெதுவா சொன்னாரு, முழுசா, சரியா.