டாக்டரிடம் சொல்ல வராததைச் செயலியில் எழுதிக் காட்டினேன்

விறைப்புக் குறைபாட்டுக்கு ஒரு மாத்திரை எழுதித் தருவார், வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பிரஷர் பார்த்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் இறுக்கம் வருமா, இதயத்துக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் வந்த விஷயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே விளக்கினார். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை, அதனால் குழாய்க்குள் கொழுப்பு படியத் தொடங்கினால் பலருக்கு அதன் அடையாளம் முதலில் இங்கேதான் தெரியும், இதயத்தில் கோளாறு தெரிவதற்குச் சில வருடங்கள் முன்னதாகவே கூட. சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம், அதற்கு மட்டும் காலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்.

ஹார்மோன் சரியாக இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில், கொழுப்பு அதற்குக் கொஞ்சம் மேலே. மாத்திரையும் கிடைத்தது, கூடவே போனில் போட்டுக்கொள்ள ஒரு செயலியின் பெயரும். நடந்த அடிகளை எண்ணுவது, தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிப்பது என்று ஏற்கெனவே போனில் தூங்கிக்கொண்டிருக்கும் செயலிகளோடு இதுவும் சேரப்போகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. ஜெர்மனியில் 2019இல் கொண்டுவந்த சட்டப்படி, அரசு அமைப்பு சரிபார்த்துப் பட்டியலில் சேர்த்த மருத்துவச் செயலிகளை டாக்டர் மருந்துச் சீட்டிலேயே எழுதலாம், செலவைக் காப்பீடு ஏற்கும். அந்தப் பட்டியலில் கிரானஸ் எடேரா என்று விறைப்புக் குறைபாட்டுக்கென்றே ஒரு செயலி இருக்கிறது. 12 வாரத் திட்டம், அதில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, இதயத்துக்கான உடற்பயிற்சி, மனதுக்கான பகுதி எல்லாம் உண்டு. நான் பயன்படுத்தியது வேறு, ஆனால் உள்ளே இருந்த சரக்கு ஏறக்குறைய இதேதான்.

திறந்ததும் முதலில் வந்தது 5 கேள்விகள். உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் வினாத்தாள்தான் அது. 1997இல் 15 கேள்விகளோடு வந்ததை 1999இல் ஐந்தாகச் சுருக்கினார்கள். மொத்தம் 25 மதிப்பெண், 22 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைபாடு இல்லை, 17 முதல் 21 வரை லேசானது, 7 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமை. நான் 12க்கும் 16க்கும் இடைப்பட்ட பிரிவில் இருந்தேன். மதிப்பெண்ணைவிட என்னை நிறுத்தியது கேள்விகள்தான். விறைப்பு வரும் என்ற நம்பிக்கை எந்த அளவு இருக்கிறது, வந்தால் உறவுக்குப் போதுமான அளவு வருகிறதா, நடுவில் தளராமல் கடைசிவரை நிற்கிறதா. டாக்டர் அறையில் என் வாயில் வந்ததெல்லாம் "கொஞ்சம் வீக்கா இருக்கு சார்" என்ற ஒரே வரிதான். வருவதில் சிக்கலா, நிற்பதில் சிக்கலா என்று பிரித்துப் பார்க்க முடியும் என்றே எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும்போது, கூச்சம் என்ற ஒன்று குறுக்கே வரவே இல்லை.

அடுத்தது குறிப்பேடு. காலையில் எழுந்தபோது விறைப்பு இருந்ததா, தூக்கம் எப்படி, குடித்தீர்களா, மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, வயிறு நிறையச் சாப்பிட்டீர்களா, உறவு முயன்றால் எப்படிப் போனது. சலிப்பான வேலை, ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். அடுத்த முறை போனபோது போனை அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிட்டேன். விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் இரண்டு விஷயத்தைப் பிடித்தார்.

ஒன்று, காலை விறைப்பு பெரும்பாலான நாட்களில் இருந்தது. அப்படியென்றால் நரம்பும் ரத்த ஓட்டமும் மோசமாகிவிடவில்லை, பதற்றத்துக்கும் இதில் நல்ல பங்கு இருக்கிறது என்றார். இரண்டாவது, "மாத்திரை கேட்கவில்லை" என்று நான் குறித்திருந்த இரவுகளெல்லாம் நன்றாகச் சாப்பிட்டு முடித்த கையோடு போட்ட இரவுகள். எனக்கு எழுதியிருந்தது சில்டெனாஃபில். அதை உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் உடம்பில் ஏறுவது தாமதமாகும், வேகமும் குறையும். இன்னொன்றும் சொன்னார்: இந்த மாத்திரை ஆசையைக் கொண்டுவராது, தூண்டுதல் இருந்தால்தான் வேலை செய்யும். போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. டடலாஃபில் என்ற மாத்திரைக்குச் சாப்பாடு ஒரு பொருட்டில்லை, 36 மணி நேரம் வரைக்கும் பலன் இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டு, முதலில் இதையே நேரம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்றார். அளவைக் கூட்டவில்லை, மருந்தை மாற்றவில்லை, நேரத்தை மாற்றியதிலேயே வித்தியாசம் தெரிந்தது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் இந்த இரண்டு மாத்திரைகளையும் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதல் நாள் அவர் இதய மருந்து பற்றிக் கேட்டதற்குக் காரணம் அதுதான். டாக்டரைப் பார்க்காமல் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

இடுப்புத்தளப் பயிற்சிக்கு வருகிறேன். கெகல் என்று இதற்கு இன்னொரு பெயர், அது பெண்களுக்கானது என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். 2005இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் விறைப்புக் குறைபாடு உள்ள 55 ஆண்களை இதைச் செய்யவைத்துப் பார்த்தார்கள், ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேருக்கு இயல்பு நிலை திரும்பியது. சரி, செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தால் எந்தத் தசை என்றே பிடிபடவில்லை. சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போலவும் காற்று பிரியாமல் அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் இழுக்கச் சொன்னது செயலி. நான் இழுத்ததெல்லாம் வயிற்றையும் புட்டத்தையும்தான். கண்ணாடி முன்னால் நின்று பார்க்கச் சொல்லும் ஒரு வீடியோவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சரியான தசை இறுகினால் உறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே போகும், விதைப்பை சற்று மேலே ஏறும், தொடையும் வயிறும் அசையாது, மூச்சும் நிற்காது. பிடிபட்ட பிறகு சுலபம். திரையில் ஒரு வட்டம் சுருங்கும்போது இறுக்கி, விரியும்போது விட வேண்டும். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. சிறுநீர் கழித்து முடித்ததும் ஒருமுறை இறுக்கினால் கடைசிச் சொட்டு உடையில் விழாது என்பது நான் எதிர்பாராமல் கிடைத்த லாபம். இதை ஏன் யாரும் சொல்லித் தருவதில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.

நடைக்கும் ஒரு பகுதி இருந்தது. வாரம் நான்கு நாள், 40 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நடந்தேன்.

சிக்கல் வந்தது தம்பதிக்கான பகுதியில். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970இல் எழுதிய முறையிலிருந்து வந்தது அது. சில வாரங்களுக்கு உறவு கூடாது, தொடுதல் மட்டும், அதிலும் ஆரம்பத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட வேண்டும். விறைக்கிறதா இல்லையா என்று தன்னைத் தானே வேவு பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பல ஆண்களுக்கு விறைப்பைக் கெடுக்கிறது என்பது அவர்கள் கண்டது. பரீட்சையே இல்லை என்று ஆக்கிவிட்டால் தோற்கவும் வழியில்லை. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செயலியிலிருந்த பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கும் போன் சொல்லணுமாங்க?" என்றாள். அப்புறம் அவளாகவே, நான் விலகி விலகிப் படுத்தது தன்னைப் பிடிக்காமல் போனதால்தானோ என்று பல நாள் நினைத்ததாகச் சொன்னாள். என் பிரச்சினை என்று நான் மூடி வைத்திருந்தது அவளுக்குள் வேறொன்றாக வளர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

ஆனால் அந்த ராத்திரியே குறிப்பேட்டில் "இன்று எப்படி இருந்தது, 1 முதல் 10 வரை" என்று ஒரு அறிவிப்பு வந்து நின்றது. வேவு பார்க்காதே என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு மறுபக்கம் மார்க் போடச் சொல்கிற செயலியை என்ன செய்வது? "போனை ஹாலிலேயே வச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி. அன்றிலிருந்து எழுதுவதெல்லாம் மறுநாள் காலையில்தான். தொடர்ச்சி விடாமல் செய்ததற்குத் தரும் பதக்கங்களையும் அணைத்துவிட்டேன். ஒரு நாள் விட்டால் குற்ற உணர்ச்சி ஊட்டுகிற வேலை இந்தச் சிகிச்சையில் வேண்டவே வேண்டாம்.

12 வாரம் முடிந்து அதே 5 கேள்விகளுக்குப் பதில் போட்டபோது லேசானது என்ற பிரிவுக்கு வந்திருந்தேன். மாத்திரையின் நேரம், நடை, பயிற்சி, மனைவியோடு பேசியது இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மாத்திரையை இன்னும் முழுதாக விடவில்லை, எப்போதாவதுதான் தேவைப்படுகிறது.

செயலி தேடுகிறவர்களுக்கு ஒன்று. ஆப் ஸ்டோரில் இந்தப் பெயரில் கிடைப்பதில் பாதி, பொடி விற்கவும் வீடியோ விற்கவும்தான். இத்தனை நாளில் நிரந்தரத் தீர்வு என்று போட்டிருந்தால் அப்போதே மூடிவிடுங்கள். அடுத்தது அந்தரங்கம். 2023இல் அமெரிக்காவில் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துச் சேவை, பயனர்களின் உடல்நலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 15 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது. நான் இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்தேன், தொடர்பு எண்களுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை, பூட்டிய திரையில் அறிவிப்பு தெரியாமல் பண்ணினேன். பயிற்சி நேரம் என்று பெரிய எழுத்தில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்த பிறகு செய்த ஏற்பாடு அது. திட்டம் முடிந்ததும் குறிப்பேட்டை பிடிஎஃப் ஆக எடுத்து டாக்டரின் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அமைப்புகளுக்குள் போய்க் கணக்கையே நீக்கினேன். போனிலிருந்து செயலியை எடுத்தால் மட்டும் நீங்கள் எழுதியது அவர்களுடைய சர்வரிலிருந்து போகாது. முதலில் கணக்கு, அப்புறம்தான் செயலி.