துங்கநாதர் இறங்கி வந்த இடம்

ஜனவரியில் இமயமலையின் துங்கநாத் சிவன் கோயிலில் நடை சாத்தியிருக்கும் என்று தெரிந்தேதான் அண்ணனும் நானும் போனோம். பஞ்ச கேதாரம் எனும் ஐந்து சிவத்தலங்களில் ஈசனின் கைகள் வெளிப்பட்ட தலம். சுமார் 3,680 மீட்டர் உயரம். சாத்திய கதவைத் தொட்டுக் கும்பிட்டு, அம்மா துணியில் முடிந்து கொடுத்த திருநீற்றை வாசற்படியில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அண்ணனின் வேண்டுதல்.

ஏறத் தொடங்கும் இடமான சோப்தாவிலிருந்து 4 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பனியில் அந்தக் கல்பாதையே கண்ணுக்குத் தெரியாது. கிளம்பும்போதே வழிகாட்டித் தம்பி சொன்னார்: "12 மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்பிவிடுவோம்." தலையாட்டினோம்.

11 மணிக்கு மேல் கோயிலுக்கு மேலே உள்ள சந்திரசிலா சிகரத்தின் பக்கமிருந்து மேகம் இறங்கியது. காற்றோடு கொட்டிய பனியில் எங்கள் காலடித் தடமே கொஞ்ச நேரத்தில் தூர்ந்துபோனது. அண்ணன் இரண்டு முறை தடுக்கினார். ஜெர்கின் ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை. "இன்னும் ஒரு கிலோமீட்டர்தாம்மா, சாமி பாத்துக்குவார்" என்றபோது நாக்கு குழறியது.

உடம்புச் சூடு இறங்கினால் இப்படித்தான். கை வராது, கால் நிற்காது, பேச்சு குழறும். யோசிக்கிற புத்தியும் கூடவே மங்கும் என்பதுதான் பயங்கரம். அந்த நிலையில் முடிவை அவரிடம் விட முடியாது. மணி இன்னும் 12 ஆகவில்லை. "அண்ணா, திரும்பலாம்" என்றேன். கோபமாகப் பார்த்தார். சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறேனே என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

காற்றுப் படாத பாறை மறைவில், பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்காரவைத்தோம். உள்ளே பருத்தி பனியன் வியர்வையில் ஊறிச் சில்லென்று ஒட்டியிருந்தது. வீட்டிலேயே நான் தடுத்திருக்க வேண்டும். அதைக் கழற்றிக் காய்ந்த கம்பளிச் சட்டையை மாட்டினோம். விரல்களைத் தேய்க்கக் கூடாது, அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் தம்பி. சர்க்கரை கரைத்த வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தார். பேச்சு தெளிந்த பிறகே எழுந்து கீழே இறங்கினோம்.

இரவு முழுக்க அண்ணன் என்னோடு பேசவில்லை. எனக்குச் சம்பந்தர் நினைவு வந்தது. திருக்கேதாரத்தை அவர் காளத்தியில் இருந்தபடியேதான் பாடினார் என்பார்கள்.

இரண்டு நாள் கழித்து, கீழே உள்ள மக்குமட் கிராமத்துக்குப் போனோம். நடை சாத்தியதும் துங்கநாதரின் உற்சவ மூர்த்தி இங்கேதான் எழுந்தருளுகிறார். பனிக்காலம் முடியும்வரை மார்க்கண்டேயர் கோயிலில்தான் பூஜை. அந்தக் குளிருக்கு ஈசனே இறங்கி வந்து அமர்ந்திருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சந்நிதியில் அம்மாவின் துணி முடிச்சை அண்ணனே அவிழ்த்தார். விரல் நடுங்கவில்லை.