பூச்சொரிதல் ஞாயிறு, சிங்கப்பூரில்

மாசிக் கடைசி ஞாயிறு. சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிற நாள். லால்குடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணியில் அம்மன் முன்னால் நிற்கலாம். அந்த நாளில் பார்த்து நானும் அக்காவும் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் ஜொகூர் பாலத்தின் மேல், நகராத பஸ் ஒன்றுக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

கணக்குப்படி வெள்ளிக்கிழமையே ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் அக்காவுக்கு முழங்கால் வீங்கி இரண்டு நாள் படுக்க வேண்டியதாகிவிட்டது. விமானத்தில் போய்விடலாம் என்று அங்கேயே சொன்னேன். கேட்கவில்லை. பேங்காக்கில் இருக்கும் பேத்திக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் நேர்ந்துகொண்டது அப்படி: குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், வழியில் இருக்கும் மாரியம்மன்களை எல்லாம் தரைவழியாகவே போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் சமயபுரத்தாளிடம் வந்து சொல்ல வேண்டும். நடுவில் கடல் கிடப்பதை நேர்ந்துகொள்ளும்போது யோசிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு மட்டும் விமானம் என்று பிறகு அம்மனிடமே பேசி முடித்துக்கொண்டாள்.

பேங்காக் சீலோம் சாலை மாரியம்மனிடம் தொடங்கினோம். அங்கே நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம். செவ்வந்தி மாலையோடு முழந்தாளிட்டு அவர்கள் கும்பிடுவதைப் பார்த்து அக்காவும் மண்டியிட முயன்றாள். முழங்கால் வலியின் பிள்ளையார் சுழி அதுதான் என்பது என் கட்சி. பிறகு இரவு ரயில், பாடாங் பெசாரில் ஒரே ஸ்டேஷனுக்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவு, பட்டர்வொர்த், படகு, பினாங்கு. அங்கே குயீன் தெருவில் 1833-ஆம் ஆண்டுக் கோயில். கோலாலம்பூரில் 1873-ல் தொடங்கிய மகா மாரியம்மன். ஒவ்வோர் இடத்திலும் உண்டியலில் ஒரு காசு போட்டுவிட்டு, இன்னொரு காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். முடிந்ததெல்லாம் சமயபுரத்துக்கு.

பாலம் என்று சொல்கிறோமே தவிர, அது கடலில் கல் கொட்டி எழுப்பிய கரை. 1924-ல் திறந்தது, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைக் கடந்து முத்திரை வாங்கி வெளியே வர எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. ஜொகூர்ப் பக்கம் மூட்டையோடு இறங்கி, ஏறி, சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் மறுபடி மூட்டையோடு இறங்கி, ஏறி. சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் வருகை அட்டையை முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்திலேயே நிரப்பிவிட வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். 170-ஆம் எண் பஸ் கடைசியாக நின்ற இடத்தின் பெயரைப் பார்த்து அக்காவுக்கு ஒரே சந்தோஷம். இங்கேயும் குயீன் தெரு!

அங்கிருந்து மாரியம்மன் கோயில் இருக்கும் சைனாடவுனுக்கு எம்ஆர்டி ரயில். போகும்போது அந்தக் கோயிலைக் கட்டிய நாராயண பிள்ளை கதையை அவளுக்குச் சொன்னேன். அவரும் நாங்கள் வந்த வழியில் வந்தவர்தான். பினாங்கிலிருந்து 1819-ல், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து இறங்கினார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், கடை தீயில் போனது, மறுபடி எழுந்தார். கோயில் கட்ட இடம் கேட்டபோது முதலில் ஒதுக்கப்பட்டது தெலுக் ஆயரில். அபிஷேகத்துக்கு நல்ல தண்ணீர் கிடையாது என்று அந்த இடம் சரிப்படவில்லை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அடுத்த நிலையம் தெலுக் ஆயர் என்று தமிழிலும் எழுதியிருந்ததைப் பார்த்து அக்கா என் கையைத் தட்டினாள். மலாயில் ஆயர் என்றால் தண்ணீர். பெயரில் மட்டும் தண்ணீர். அதற்கடுத்த நிலையம் சைனாடவுன். பிள்ளைக்கு 1823-ல் கிடைத்த சௌத் பிரிட்ஜ் சாலை இடம் அங்கேதான். அவருக்குச் சில வருடம் பிடித்த தூரத்தை நாங்கள் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

ஆனாலும் தாமதம்தான். பகோடா தெரு வழியாக அக்காவை நடத்திக்கொண்டு வந்து கோபுரத்தைப் பார்த்தபோது மணி 12:20. நடை சாத்தியிருந்தது.

"ஆறு மணிக்குத்தாம்மா திறப்போம்" என்றார் உள்ளிருந்து வந்த ஊழியர். அக்காவின் காலையும் எங்கள் பையையும் பார்த்தார். "ரொம்பத் தூரத்துல இருந்தா?"

"பேங்காக்கு" என்றாள் அக்கா, ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி.

அவர் சிரித்துவிட்டு, "அந்தக் காலத்துல கப்பல்ல வந்து எறங்குனவங்க வேலையும் வீடும் கெடைக்கிற வரைக்கும் இங்கதான் தங்குவாங்களாம். இப்ப அப்படி விட முடியாதும்மா" என்றார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்குக் கோபம். பாலத்தின் மேல், என் மேல், முழங்காலின் மேல். அக்கா மூடிய வாசலுக்கு எதிரே நின்று கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோபுர தரிசனம் ஆச்சுல்ல. அவளும் மதியம் செத்த படுக்கட்டும்."

தேக்காவில் அறை. லிட்டில் இந்தியாவை இங்கே நம்மவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பார்க்காதவர்களுக்கு அந்தக் கூட்டத்தை எப்படிச் சொல்வது? வேலைத்தளங்களிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வந்த பிள்ளைகள் தெரு முழுக்க. ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை, வீடியோவில் குழந்தை முகம், புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம். புதுக்கோட்டைப் பேச்சும் மன்னார்குடிப் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அக்கா மல்லிகை வாங்கினாள். ஒரு முழம் இத்தனை வெள்ளி என்றார்கள் (டாலரை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்). அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சு நின்றது. பிறகு நான்கு முழம் கேட்டாள். "இன்னிக்குப் பூச்சொரிதல்டா."

ஆறு மணிக்கு முன்பே மறுபடி வாசலில் இருந்தோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது விதானத்துச் சித்திரங்களோ தூண்களோ இல்லை, தரை. கழுவித் துடைத்த, பாதத்துக்குச் சில்லென்ற தரை. பத்து நாளாக ரயில், படகு, பஸ் என்று ஆடிக்கொண்டிருந்த உடம்புக்கு அது போதுமாக இருந்தது. 1827-ல் மரமும் கீற்றுமாக எழுந்த கோயில், 1843-ல் செங்கல் கட்டடம் ஆனது. நாராயண பிள்ளை வைத்த சின்ன அம்மன்தான் இன்றும் கருவறையில் இருப்பவள் என்கிறார்கள். சின்னவள்தான். சமயபுரத்தாளின் பிரம்மாண்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விளக்குக்குப் பின்னால் அவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மல்லிகையை அர்ச்சகர் வாங்கிச் சாத்தியபோது அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் நான்தான் சொன்னேன்.

பெரியாச்சியைக் கும்பிட்டோம். திரௌபதி சன்னதியில் கொஞ்ச நேரம் நின்றோம். ஐப்பசித் தீமிதி அவளுக்காகத்தான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து இங்கே வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நடந்துவந்து பூக்குழி இறங்குகிறார்கள். பக்கத்தில் ஒரு சீன மூதாட்டி நம் அக்காவைப் போலவே உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டிருந்தார். வெளியே சுற்றுலாக்காரர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரசாதத்தில்தான் சிக்கல். சர்க்கரைப் பொங்கல் தொன்னை கைக்கு வந்ததும் அக்கா தயங்கினாள். இன்றிலிருந்து பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் சமயபுரத்தாள் பச்சைப் பட்டினி. பக்தர்களுக்காக அவளே இருக்கும் விரதம். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் அவளுக்கு நைவேத்தியம். "அங்க அவ பட்டினி கெடக்கறா, நான் இங்க பொங்கல் திங்கறதா?"

"எங்களுக்கும் ஒவ்வொரு வருசமும் இதே யோசனைதாம்மா." தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பையன். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் போன், அதில் கூடை கூடையாகப் பூ போய்க்கொண்டிருந்தது. சமயபுரம். ஊரில் அப்போது பிற்பகல் நான்கு. "மணப்பாறைம்மா. மூணு வருசமாப் போனுலதான் பாக்குறேன்."

அக்கா அவன் பக்கத்தில், வலித்த காலை நீட்டி உட்கார்ந்தாள். இருவருமாக அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். எந்த வாசல், எந்தத் தெரு, எங்கே யானை நிற்கும் என்றெல்லாம் பேச்சு. நான் நின்றுகொண்டே இருந்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எப்போது என்று தெரியவில்லை, பேச்சுவாக்கில் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக அந்தப் பொங்கலைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

கிளம்பும்போது அவன் பர்ஸிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு இரண்டு வெள்ளி நோட்டை எடுத்தான். "போறப்ப ஆத்தா உண்டியல்ல போட்டுருங்கம்மா."

"பேரு, நட்சத்திரம் சொல்லு சாமி, அர்ச்சனையும் பண்ணிர்றேன்."

"பேரு எதுக்கு. மணப்பாறைன்னு சொன்னாப் போதும், அவளுக்குத் தெரியும்."

இரவு அறையில் மஞ்சள் துணியைப் பிரித்து எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பினாள். பாட், ரிங்கிட், அன்றைக்கு முடிந்த வெள்ளிக் காசு. நோட்டை மட்டும் தனியாக மடித்து வேறு துணியில் வைத்தாள்.

"காலைல ஏர்போர்ட்ல மாத்தி ரூபாயாக் குடுத்துருவோமா? நூத்துச் சொச்சம் வரும்" என்றேன்.

"மாத்தாத. அது குடுத்தத அப்படியே போடணும்."