கொலுப்படியில் வைத்த மரக்கரண்டிகள்: ஐந்து ஸ்டால் போட்டுப் பார்த்த அனுபவம்

கார் ஷெட்டின் ஒரு மூலையில் மரவேலை செய்ய ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. கரண்டி, தோசைத்திருப்பி, காய் நறுக்கும் பலகை, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி. இவ்வளவுதான் நான் செய்வது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதியெல்லாம் பரணில் ஏறிக்கொண்டே இருந்தன. போன செப்டம்பரில் மனைவி, "இனி ஒண்ணு ஏத்தினாலும் பரண் தாங்காதுங்க. எங்கயாச்சும் ஸ்டால் போடுங்க" என்றாள். அதற்குப் பிறகு ஐந்து இடத்தில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எடுத்துப் போன சாமான்கள் ஏறக்குறைய அதேதான், வைத்த விதம்தான் மாறிக்கொண்டே வந்தது. அதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் ஸ்டால் கோவையில் எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில். நவராத்திரிக்கு முந்தின ஞாயிறு. ஆறடி மேசை, ஒரு நாற்காலி, ஆயிரம் ரூபாய் வாடகை. வீட்டில் மடக்குக் கொலுப்படி இருந்தது. அதில் மூன்று படியை மேசைமேல் ஏற்றி, வெள்ளை வேட்டியை விரித்து, மேலே அஞ்சறைப் பெட்டி, நடுவில் பலகைகள், கீழே கரண்டிகள் என்று வரிசையாக அடுக்கினேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஓரடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்குங்க, நீங்களே செஞ்சதா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஐந்து மணி நேரத்தில் நான்கு கரண்டி விற்றது. மொத்தம் 760 ரூபாய், வாடகைக்கே காணாது.

என்ன தப்பு என்று அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் கொலுவில்தான் தெரிந்தது. சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக் குழந்தை செட்டியார் பொம்மையை எடுக்கப் போக, அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்து, "தொடக்கூடாது, பாக்கணும்" என்றார். அப்படியே நின்றுவிட்டேன். படி, வெள்ளைத் துணி, வரிசை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊரில் எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: தொடாதே. என் ஸ்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. மரச்சாமானைத் தொடாமல் யார் வாங்குவார்கள்? எவர்சில்வர் கரண்டியைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம், ஒன்று போலத்தான் எல்லாம் இருக்கும். மரக்கரண்டியைக் கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும், பிடி உள்ளங்கையில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே நவம்பரில், ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த இரண்டு நாள் சந்தைக்குப் படியைக் கொண்டுபோகவில்லை. வெள்ளை வேட்டிக்குப் பதில் கருநீலக் கைத்தறிப் போர்வை. வெள்ளையின்மேல் மரம் மங்கலாகத்தான் தெரியும், பழுப்புத் துணியில் வைத்தால் இருக்கும் இடமே தெரியாது. கருநீலத்தில் பலாவின் மஞ்சளும் தேக்கின் பொன்நிறமும் தனியாக எழுந்து நிற்கின்றன. கரண்டிகளைச் சின்ன மண்பானைகளில் பிடி மேலே இருக்கும்படி நிறுத்தினேன். ஒரு பானையில் பதினைந்து கரண்டி நெருக்கிச் செருகியபோது யாரும் எடுக்கவில்லை, எடுத்தால் மற்றதெல்லாம் சரிந்துவிடுமோ என்ற தயக்கம். நான்கு ஐந்து என்று குறைத்ததும் கை தானாக வந்தது. மேசை விளிம்பில் மூன்று கரண்டிகளைப் பிடி வெளியே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். அந்த மூன்றையும் அன்று முழுக்க யாராவது எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா ஒரு துடுப்புக் கரண்டியை எடுத்தார். முதலில் மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். அப்புறம் என்னிடம் பேசிக்கொண்டே, அவருக்கே தெரியாமல், மணிக்கட்டைத் திருப்பி இல்லாத சட்டியின் அடியைச் சுரண்டுவது போல இரண்டு சுற்று சுற்றினார். அவ்வளவுதான், கரண்டி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் பார்ப்பது அந்த மணிக்கட்டைத்தான். அந்தச் சுற்று வராமல் கீழே வைத்த கரண்டிகளை மாலையில் தனியாக எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசிக்குப் பிடி தடிமனாக இருந்தது. வீட்டுக்கு வந்து இழைத்துக் குறைத்தேன். ஸ்டால் போடாமல் இருந்திருந்தால் அந்தக் குறை எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதே மைதானத்தில் ஓர் இழப்பும் நடந்தது. இரண்டாம் நாள் மதியம் சாமியானா நிழல் நகர்ந்து மேசையின் ஒரு பாதிக்கு வெயில் வந்துவிட்டது. பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. போர்வைமேல் மல்லாந்து கிடந்த பலாப் பலகை ஒன்று, ஓரடி அகலம், முக்கால் அங்குலக் கனம், நான் செய்ததிலேயே நல்ல ரேகை உள்ளது, சாயங்காலம் பார்த்தால் இரண்டு ஓரமும் தூக்கிக் கிண்ணம் போல வளைந்திருந்தது. மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது. துணியோடு ஒட்டியிருந்த அடிப்பக்கம் அப்படியே இருந்தது. மரம் நீளவாக்கில் பெரிதாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதனால் அகலப் பலகைக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், பாதிதான் சரியானது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது பலகைகளை எப்போதும் நிறுத்தித்தான் வைக்கிறேன். இரண்டு பக்கமும் காற்று படுகிறது. அதோடு, வரும் ஆளின் கண்ணுக்கு நேராக ரேகை தெரிகிறது. தாங்கிக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு கட்டையில் சாய்வாக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்தால் போதும், பலகை அதில் நிற்கும்.

மூன்றாவது, டிசம்பரில் ஒரு கல்யாண மண்டபத்தில். உள்ளே முழுக்க வெள்ளை டியூப்லைட். காலையில் கடை விரித்ததும் பகீர் என்றது. என் தேக்கெல்லாம் சாம்பல் பூசின மாதிரி செத்துக் கிடந்தது. அந்த விளக்குகள் 6500 கெல்வின் நீலவெள்ளை, மரத்தில் இருக்கும் சிவப்பையும் மஞ்சளையும் அவை எழுப்பாது. மதியம் கடைக்கு ஓடி மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. பல்பு இரண்டு, கிளிப் வைத்த ஹோல்டர் இரண்டு வாங்கி வந்து மாட்டினேன். நேர் மேலிருந்து அடித்தால் எண்ணெய் பூசிய பரப்பு பளபளக்கிறது, ரேகை தெரிவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து அடித்தால் ஒவ்வொரு ரேகையும் தெரிகிறது. மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். வேறு எதற்குக் காசு செலவழிக்கத் தயங்கினாலும் இதற்குத் தயங்காதீர்கள்.

அந்த மண்டபத்தில்தான் ஒரு பாட்டி கேட்டார்: "ஏனுங் தம்பி, பார்வைக்கு நல்லாத்தான் இருக்குது. நாலு நாள் தண்ணி பட்டா பூஞ்சை புடிச்சுப் போகாதுங்களா?" பிடிக்காது என்று சொன்னேன், எப்படிக் கழுவ வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விற்கிறவன் வேறு என்ன சொல்வான்?

மறுநாள் கிளம்பும்போது எங்கள் சமையலறையிலிருந்து மூன்று வருடமாகத் தினமும் குழம்பில் கிடக்கும் பலாக் கரண்டியை எடுத்துக்கொண்டேன். முனை ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கும், எங்கள் வீட்டில் கிண்டுபவர்கள் எல்லாம் வலக்கைக்காரர்கள். அகலப் பகுதியில் மஞ்சள்தூள் ஏறியிருக்கும். பிடியில் கைபட்டுக் கைபட்டு ஒரு மினுமினுப்பு. அதைப் புதுக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து, "மூன்று வருடம் புழங்கியது, விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வைத்தேன். அன்று முழுக்க ஸ்டாலில் அதிகம் கைமாறியது அதுதான். எடுக்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்கள், பிறகு புதுசை எடுக்கிறார்கள். பூஞ்சை பற்றி அன்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். பக்கத்திலேயே ஒரு நான்ஸ்டிக் தவாவையும் வைத்தேன். மரக்கரண்டி வாங்க வருபவர்களில் நிறையப் பேர் வீட்டில் அந்தப் பூச்சு கீறிவிடும் என்ற கவலையோடு வருபவர்கள். தவாவைப் பார்த்ததும் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

விலைச்சீட்டு பற்றி: கண்டிப்பாக வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப்பேர் போய்விடுகிறார்கள். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள், எண்ணெய் பூசிய மரத்தில் பசை கறையாக நின்றுவிடும். நான் அட்டையில் எழுதி நூலில் கட்டுகிறேன்.

அந்த அட்டையில் மரத்தின் பெயரையும் எழுதிவந்தேன். வெறும் பெயரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு வரி சேர்த்தேன். பலாவுக்கு, "தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் இந்த மரத்தில்தான்." புளிக்கு, "கறிக்கடையில் வெட்டும் கட்டை இதுதான்." பூவரசுக்கு, "சின்ன வயதில் இதன் இலையில்தான் பீப்பீ ஊதினோம்." இந்தப் பூவரசு அட்டையைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர்களை நான் பார்க்கவில்லை. இலையைச் சுருட்டுவது போலக் கையை வைத்துப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் காட்டுகிறார்கள். தேக்கு என்று பெருமையாக எழுதியதைவிட இது அதிகம் பேரை நிறுத்தியது. நம் ஆட்களுக்கு மரங்களோடு பழக்கம் இன்னும் இருக்கிறது, பெயரைத் தொட்டால் வந்துவிடுகிறது. எனக்கு இதில் கிடைத்த சந்தோஷம் விற்பனையில்கூடக் கிடைக்கவில்லை.

பல்லாங்குழிக்கு வருகிறேன். மூன்று ஸ்டாலிலும் ஒன்றுகூட விற்கவில்லை. மடித்து வைத்தால் அது ஏதோ பெட்டி என்று நினைக்கிறார்கள். திறந்து வைத்தாலும் காலிக் குழி பதினான்கு, அவ்வளவுதான். நான்காவது ஸ்டாலில், தை மாதம், ஒரு பள்ளி வளாகத்தில், மேசைக்கு வெளியே ஒரு முக்காலியில் அதைத் திறந்து வைத்து, பாதி ஆட்டம் ஆடி எழுந்து போன மாதிரி மஞ்சாடி விதைகளைப் போட்டுவிட்டேன். ஒரு குழியில் மூன்று, ஒன்றில் எட்டு, இரண்டு காலி. இரு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்டூல். விதை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் கொடிய விஷம், குழந்தைகள் வரும் இடத்தில் கூடவே கூடாது. மஞ்சாடியோ புளியங்கொட்டையோ சோழியோ போதும், அதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைகள் வந்தால் எடுத்து வைத்துவிடுவேன்.

பத்து நிமிடத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்தார்கள். பாட்டி எதுவும் கேட்கவில்லை. விதைகளையெல்லாம் வாரி, குழிக்கு ஐந்தாகப் பிரித்துப் போட்டுவிட்டு, "நீ மொதல்ல எடு கண்ணு" என்றார். அந்த விரல்கள் விதையை விட்டுக்கொண்டே போன வேகம்! ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று பாட்டி அள்ளிக்கொள்ள, பேத்தி ஏமாந்து பார்க்க, சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அந்த இரண்டு நாளில் மூன்று பல்லாங்குழி, ஒன்று 1,800 ரூபாய் என்று போனது. அந்தப் பாட்டி வாங்கவில்லை. அவர் வீட்டில் அவருடைய அம்மா கொடுத்தது இருக்கிறதாம்.

ஐந்தாவது சென்னையில், போன மாதம். சொல்லப் புதிதாக ஒன்றுதான். நாற்காலியைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டே சின்னக் கரண்டி ஒன்றைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தேன். சீவல்களை ஒரு தட்டில் போட்டு வைத்தேன், மணத்துக்காகவே சிலர் அள்ளிப் பார்த்தார்கள். குனிந்து வேலை செய்யும் ஆளிடம் நிற்க மக்களுக்குக் கூச்சம் இல்லை. நிமிர்ந்து தங்களையே பார்த்துக்கொண்டிருப்பவனிடம்தான் கூச்சம். வாடகையும் பஸ் செலவும் போக 6,200 ரூபாய் மிஞ்சியது. பரணில் இப்போது ஒரு பக்கம் காலி.

சென்னையில் நிறையப் பேர் கேட்டது, பலா ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது, சாயமா என்று. சாயம் இல்லை. அறுத்த புதிதில் பலா அப்படித்தான், வெளிச்சம் படப் படப் பழுப்பாகும். சொன்னால் நம்புவது கஷ்டம். அதனால் அடுத்த ஸ்டாலுக்கு ஒரு பலாத் துண்டை இழைத்து, பாதியைக் கறுப்பு அட்டையால் இறுகக் கட்டி, ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. நேற்று அட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். மூடியிருந்த பாதி எலுமிச்சை மஞ்சளாக அப்படியே இருக்கிறது, திறந்த பாதி தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, திரும்பக் கட்டி வைத்துவிட்டேன்.