விரல் நுனியில் ஒரு கூட்டாளி

அம்மா முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பி வைத்து, கண் டிவியில் இருக்க, விரலால் தடவியே கல்லைப் பொறுக்கி எடுத்துவிடுவார். பருப்புக்கும் கல்லுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கல்லின் ஓரம் கூர்மையாக இருக்கும், அதை விரல் உடனே பிடித்துவிடும்.

இதைச் செய்வது நரம்பு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மேல்தோலின் அடியடுக்கில் மெர்கெல் செல்கள் என்று இருக்கின்றன, 1875-ல் ஃப்ரீட்ரிக் மெர்கெல் என்ற ஜெர்மானியர் விவரித்தவை. ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு நரம்பு முனை. இவை தாமாகவே தொடுதலை உணர்கின்றனவா, இல்லை நரம்புக்குத் துணையாகச் சும்மா இருக்கின்றனவா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வந்தது 2014-ல்தான், நூறு வருஷத்துக்கும் மேல்!

மெர்கெல் செல்லின் சவ்வில் பியெசோ2 என்ற புரதம் ஒரு வாசல் மாதிரி இருக்கிறது. அழுத்தினால் அந்த வாசல் திறந்து மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும், செல் பக்கத்து நரம்பைத் தூண்டும். நரம்பிலும் அதே புரதம் உண்டு. விரல் கல்லில் பட்ட அந்தக் கணத்தை நரம்பு தானே சொல்லிவிடும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை செய்தி தொடர்ந்து போக மெர்கெல் செல் வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே இந்தப் பங்கீடுதான்.

பியெசோ புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. பியெசோ2 வேலை செய்யாமல் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் தங்கள் கை எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.